சனிக்கிரகத்துக்கு ஒரு ரிஜிஸ்டர் தபால்

நாய் கடித்துத் தபால்காரன் ஏழாவது முறையாகச் செத்தபோது செவ்வாய்க்கிழமை காலை பத்தேகால் மணி. ஜம்புநாதன் இன்னும் ஒரு வார்த்தைகூட முழுதாகத் தட்டி முடிக்கவில்லை.

திரையில் அதே இங்கிலீஷ் வாசகம் வந்து நின்றது. நீங்கள் காலமானீர்கள், உங்கள் பதவிக்கு விளம்பரம் கொடுக்கப்பட்டுவிட்டது.

முப்பத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் இந்த ஒரு வரிக்காக அவரும் சேசுராஜும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்திருக்கிறார்கள். இப்போது சிரிப்பு வரவில்லை. வரும் திங்கட்கிழமைக்குள் இந்த நாயைத் தாண்டி, கிரகம் கிரகமாகக் கடந்து, சனியின் வளையத்தில் இருக்கும் கடைசி வாசல் வரைக்கும் போயாக வேண்டும். திங்கட்கிழமை சேசுராஜ் கனடா போகிறான். திரும்பி வரப்போவதில்லை.

இந்தச் செய்தி ஜம்புவுக்குத் தனியாக வரவில்லை. பழைய ஆபீஸ் நண்பர்களின் வாட்ஸப் குழுவில் சேசுராஜ் மூன்று வரி போட்டிருந்தான். மனைவியுடன் மகள் வீட்டுக்கு நிரந்தரமாகப் போகிறேன். எல்லாரையும் மன்னித்துவிட்டேன், ஒருவரைத் தவிர. கர்த்தர் உங்களோடு இருப்பாராக.

இருபத்தாறு பேர் அதற்குக் கைகூப்பும் படம் போட்டார்கள். அந்த ஒருவரும் போட்டார். வேறு என்ன செய்வதென்று அவருக்குத் தெரியவில்லை.

பல்லார்ட் எஸ்டேட்டில் ஒரு கப்பல் ஏஜென்சியில் இருவரும் வேலை பார்த்தார்கள். ஆபீஸ் முழுக்க வியர்வையில் நனையும். கம்ப்யூட்டர் அறைக்கு மட்டும் ஏசி. செருப்பை வெளியே விட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். ஆறு மணிக்குப் பிறகு அந்த வாசலில் இரண்டு ஜோடிச் செருப்பு மட்டும் கிடக்கும். செம்பூருக்கு ஆறு பத்து ஹார்பர் லைன் ரயில்வண்டியில் போக வேண்டிய ஜம்பு, எட்டேகால் வண்டியில் போவார். தாராவியில் எட்டுப் பேர் முறை வைத்துத் தூங்கும் அறையில் இருந்த சேசுராஜுக்கு எத்தனை மணிக்குப் போனாலும் ஒன்றுதான்.

உள்ளே, ஆபீஸின் ஒரே கலர் மானிட்டரில், அந்த விளையாட்டு. அதற்கு இங்கிலீஷில் ஒரு நீளமான பெயர் உண்டு. இவர்களுக்கு அது 'தபால்காரன்'. விண்வெளித் தபால் இலாகாவின் கடைநிலை ஊழியன் ஒருவன், சனிக்கிரகத்துக்கு ஒரு ரிஜிஸ்டர் தபாலைக் கொண்டுபோய்க் கொடுத்துக் கையெழுத்து வாங்க வேண்டும். கொடுக்காவிட்டால் பூமி வெடித்துவிடும். அதைவிட மோசம், அவனுடைய இன்கிரிமெண்ட் நின்றுவிடும். என்ன செய்ய வேண்டுமென்று நாம் இங்கிலீஷில் தட்டித் தட்டிச் சொல்ல வேண்டும். தப்பாகச் சொன்னால் சாவான். சரியாகச் சொன்னாலும் பல சமயம் சாவான்.

கடைசி வாசல் வரைக்கும் வந்து, அங்கே பதினோரு மாதம் இருவரும் மாட்டிக்கொண்டு நின்றார்கள். வீட்டுக்காரர் கதவைத் திறக்க மறுத்தார். கெஞ்சிப் பார்த்தார்கள், உதைத்துப் பார்த்தார்கள், பாடியும் பார்த்தார்கள். அந்த இடம் வரையிலான ஆட்டம் ஒரு ஃபிளாப்பியில் பத்திரமாக இருந்தது.

தொண்ணூற்று மூன்றில் ஒரு திங்கட்கிழமை பார்த்தால், ஃபிளாப்பி காலி.

சேசுராஜ் மெல்ல, "யாரோ அழிச்சிட்டாங்கல" என்றான். ஜம்புவுக்கு முகம் வெளுத்துவிட்டது. சனிக்கிழமை மத்தியானம் கஸ்டம்ஸுக்கு அவசரமாகச் சரக்குப் பட்டியல் அனுப்ப வேண்டி, புது ஃபிளாப்பி தீர்ந்து போயிருந்ததால், டிராயரிலிருந்து ஏதோ ஒன்றை எடுத்து ஃபார்மேட் செய்து, வேலை முடிந்ததும் துடைத்துத் திரும்ப வைத்தது அவர்தான். எதை எடுத்தோம் என்று பார்க்கவில்லை. பயத்தில், "என்னைச் சொல்றியா?" என்று கத்திவிட்டார். "பின்னே வேற யாரு?" என்றான் அவன். அவ்வளவுதான். செருப்பு மாட்டும்போது இருவரும் வேறு வேறு பக்கம் பார்த்தார்கள். அதற்கப்புறம் ஒருவரையொருவர் பார்க்கவே இல்லை.

முப்பது வயது ஆண்கள் இருவர் ஒரு கம்ப்யூட்டர் விளையாட்டுக்காகப் பேச்சை நிறுத்திக்கொண்டார்கள் என்று யாரிடம் சொல்ல முடியும்? இரண்டு வீட்டிலும் அது 'ஆபீஸ் விஷயம்' என்றே இருந்துவிட்டது.

ஜம்புவின் திட்டம் எளியது. கடைசி வாசல் வரைக்கும் மறுபடி ஆடிச் சேமித்து, அதை அவன் கையில் கொடுத்து, எடுத்ததைத் திருப்பிவிட்டேன் என்று சொல்லிவிட வேண்டும்.

மகள் ஹரிதா, பழைய விளையாட்டுகளைச் சேர்த்து வைத்திருக்கும் ஒரு இணையதளத்திலிருந்து 'தபால்காரனை' இறக்கித் தன் பழைய லேப்டாப்பில் போட்டுக் கொடுத்திருந்தாள். எட்டாவது சாவின்போது எட்டிப் பார்த்தாள்.

"அரே அப்பா, அது அந்தக் காலத்து மெஷின் ஸ்பீடுக்கு எழுதினது. இது அதைவிட ஆயிரம் மடங்கு ஃபாஸ்ட். நாய் பாவம், அது என்ன பண்ணும்?"

அந்த நாய் முன்பெல்லாம் கூண்டிலிருந்து எழுந்து, கொட்டாவி விட்டு, காதைச் சொறிந்துகொண்டு வரும். அதற்குள் 'பிஸ்கட் கொடு' என்று தட்டிவிடலாம். இப்போது விரார் ஃபாஸ்ட் ரயில் மாதிரி வந்து கடித்தது.

ஹரிதா எதையோ மாற்றி வேகத்தைக் குறைத்தாள். நாய் எழுந்திருக்கவே இல்லை. ஜம்பு குளித்துவிட்டு வந்தார். நாயின் வாய் பாதி கொட்டாவியில் நின்றது. சாப்பிட்டுவிட்டு வந்தார், வாய் மூடியிருந்தது. அவர் மனைவி அகிலாண்டம் துணி மடித்துக்கொண்டே கொஞ்ச நேரம் திரையைப் பார்த்துவிட்டு, "ஏன்னா, இதுவும் ரிட்டயர் ஆயிடுத்தா?" என்று கேட்டாள்.

சரியான வேகம் எது? அதை எந்த இணையதளமும் சொல்லவில்லை. ஜம்பு கண்ணை மூடி யோசித்தார். நாய் கூண்டை விட்டு எழும்போது சேசுராஜ் விரல்களை நெட்டி முறிக்கத் தொடங்குவான். பத்தாவது விரல் சொடுக்கும்போது நாய் வாசலுக்கு வந்திருக்கும். ஜம்பு தன் விரல்களை நெட்டி முறித்துக்கொண்டே வேகத்தை ஏற்றி இறக்கினார். அறுபத்திரண்டு வயது விரல்கள் ஒரு தடவைக்கு மேல் சொடுக்கு விடுவதில்லை. அடுத்த சோதனைக்கு அரைமணி காத்திருக்க வேண்டியிருந்தது. சாயங்காலம் நாய் சரியாக நடந்தது. பிஸ்கட்டை வாங்கிக்கொண்டது. நாய்க்கு அப்பால் இருந்த கதவு திறந்தது.

திறந்ததும் திரை ஒரு கேள்வி கேட்டது. கையேட்டில் பதினான்காம் பக்கம், மூன்றாம் பத்தி, ஆறாவது சொல் என்ன?

இதை அவர் மறந்தே போயிருந்தார். திருட்டுப் பிரதியில் விளையாடுகிறவர்களைப் பிடிக்க அந்தக் காலத்தில் செய்த ஏற்பாடு. ஒவ்வொரு முறை நாயைத் தாண்டும்போதும், சேமித்த ஆட்டத்தைத் திறக்கும்போதும், வேறு ஒரு சொல்லைக் கேட்கும். இணையதளத்தில் விளையாட்டு இருந்ததே தவிர, கையேடு இல்லை. இவர்களிடம் இருந்த ஜெராக்ஸ் பிரதி ஒன்றே ஒன்று. அது சேசுராஜ் வீட்டில்.

சேசுராஜின் மனைவி ஏஞ்சலம்மாள் நர்ஸாக இருந்தவர். ஜம்புவின் அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்த நாட்களில் கூடவே இருந்து பார்த்துக்கொண்டவர். புருஷன்கள் பேசிக்கொள்ளாதது அவருக்குத் தெரியும். அதற்காக நோயாளியை விட முடியுமா என்று அப்போதே சொன்னவர். அந்த நம்பர் ஜம்புவிடம் இருந்தது. யோசித்து யோசித்துக் கடைசியில் அடித்தார். விஷயத்தைச் சொல்லாமல், அந்தப் புத்தகத்தில் ஒரு சொல் மட்டும் வேண்டும், சேசுவுக்குத் தெரியக்கூடாது என்றார்.

ஏஞ்சலம்மாள் ஏன் என்று கேட்கவில்லை. விடியற்காலையில் பட்டாணி சுண்டல் கேட்ட நோயாளிகளையெல்லாம் பார்த்தவர். "பொட்டியில இருக்கு அண்ணாச்சி. கனடாவுக்கு எடுத்து வச்சிட்டாவ. இருங்க, கயிறை அவுக்கணும்" என்றார்.

ஜம்பு போனைக் காதில் வைத்தபடி நின்றார். ஒரு ஆளுக்கு இருபத்துமூன்று கிலோதான் அனுமதி. முப்பத்திரண்டு வருஷப் பழைய ஜெராக்ஸ் கட்டுக்கு அதில் இடம் ஒதுக்கியிருக்கிறான். கேலரி எனும் பால்கனியின் கம்பிக்கு வெளியே ஆர்.சி. மார்க் சாலைப் பக்கம் போகிற பஸ்ஸைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அது திரும்பி வருகிற வரைக்கும் பார்த்தார்.

புத்தகத்தை வெளியே கொடுக்க முடியாது. சேசுராஜ் தினமும் சாயங்காலம் பெட்டியை எடை பார்க்கிறான். போட்டோ அனுப்பவும் வழியில்லை. ஏஞ்சலம்மாளிடம் இருந்தது பட்டன் போன். ஆகவே ஒரு ஏற்பாடு வந்தது. சேசுராஜ் வெளியே போனதும் அங்கிருந்து ஒரு மிஸ்டு கால். ஜம்பு கேலரிக்குப் போய்த் திரும்ப அழைப்பார். அங்கே கயிறு அவிழும், சொல் வரும், கயிறு கட்டப்படும். டாக்டர் கையெழுத்தையே முப்பது வருஷம் படித்தவருக்கு மங்கிய ஜெராக்ஸ் ஒன்றும் கஷ்டமாக இல்லை.

புதனும் வியாழனும் நன்றாகப் போயின. ஜம்புவின் தலை மறந்திருந்ததை விரல்கள் மறக்கவில்லை. மூன்று தலை அதிகாரியிடம் மூன்று தலையும் ஒத்துப்போனால்தான் ரப்பர் ஸ்டாம்ப் கிடைக்கும். நடுத்தலைக்கு மட்டும் லஞ்சம் கொடுத்தால் போதும் என்று கண்டுபிடித்தது சேசுராஜ். கண்டுபிடித்துவிட்டு நாற்காலியோடு சேர்ந்து பின்னால் விழுந்தான். வியாழன் கிரகத்துப் போஸ்ட்மாஸ்டரின் மீசைக்குள் சாவி இருப்பதைக் கண்டுபிடித்தது ஜம்பு. ஒவ்வொரு கதவிலும் இப்படி ஒரு சாயங்காலம் இருந்தது. சில இடங்களில் விடை தெரிந்தும் ஜம்பு தட்டாமல் சும்மா உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் இருக்கிறவன் கண்டுபிடிக்கட்டும் என்று விட்டுக்கொடுப்பதுபோல.

லேப்டாப் மட்டும் அடிக்கடி நின்று போனது. நின்றால் மறுபடி திறக்க வேண்டும். திறந்தால் சொல் வேண்டும்.

வெள்ளிக்கிழமை அகிலாண்டம் கேலரிக் கதவுக்குப் பின்னால் ஈரத் துணியோடு நிற்கையில், தன் கணவர் தணிந்த குரலில், "அவன் எத்தனை மணிக்கு வெளியில போவான்? போனதும் ஒரு மிஸ்டு கால் குடும்மா" என்று சொல்வதைக் கேட்டாள்.

அன்று குழம்பில் உப்பு இல்லை. ரசத்தில் இரண்டுக்குமாகச் சேர்த்து இருந்தது. ஜம்பு இரண்டையும் கலந்து சாப்பிட்டுவிட்டு லேப்டாப்புக்குப் போனார். ஹரிதாதான் அப்பாவின் போனை வாங்கிப் பார்த்து அம்மாவிடம் சொன்னாள். மூன்று நாளில் பதினான்கு அழைப்புகள், எல்லாம் ஒரே நம்பருக்கு. பெயர் 'தபால்' என்று இருந்தது.

"எங்க காலத்துல தபால்காரன் ஒரு நாளைக்கு ரெண்டு தரம்தான் வருவான்" என்றாள் அகிலாண்டம்.

சனிக்கிழமை காலை, ஜம்பு குளிக்கப் போன நேரத்தில் அவளே அந்த நம்பருக்கு அடித்தாள். எடுத்தது ஒரு ஆண் குரல். உங்காத்துப் பொம்மனாட்டி எங்காத்துக்காரரோட பதினாலு தடவை ரகசியமா என்ன பேசினா என்று அவள் கேட்டாள். அந்தக் குரல் பதினான்கு தடவையா என்று மட்டும் கேட்டது. ஆமாம் என்றாள். இருவரும் ஒருவர்மேல் ஒருவர் பரிதாபப்பட்டுக்கொண்டு போனை வைத்தார்கள்.

இது எதுவும் தெரியாமல் ஜம்பு அன்று மத்தியானம் கடைசி வாசலில் போய் நின்றார். அதே ஊதா நிறக் கதவு, அதே கோணல் மணி. சேமித்தார். திருப்பி ஒருமுறை சேமித்தார். நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடினார். கண்ணைத் திறந்தபோது லேப்டாப் தன்னைத் தானே புதுப்பித்துக்கொண்டிருந்தது. அணைக்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்டது. ஒரு மணி நேரம் கழித்து எழுந்து, கையேட்டில் இருபத்துமூன்றாம் பக்கம், இரண்டாம் பத்தி, ஐந்தாவது சொல் என்ன என்று கேட்டது.

மிஸ்டு கால் வரவில்லை. ஐந்து மணிவரை பார்த்துவிட்டு அவரே அடித்தார்.

"யாருல அது?"

முப்பத்திரண்டு வருஷத்துக்கு அப்புறம் சேசுராஜின் அந்த 'ல'. ஜம்பு பதில் சொல்ல வாயைத் திறந்தார். கட் செய்துவிட்டார்.

இரவெல்லாம் யோசித்து ஞாயிற்றுக்கிழமை ஒரு முடிவுக்கு வந்தார். சொல் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, நேரில் போவது. சட்டையை மாட்டிக்கொண்டு லேப்டாப்பைப் பையில் வைக்கும்போது, அகிலாண்டம் பச்சைப் பட்டுப் புடவையில் வாசலில் நின்றாள்.

"நானும் வரேன். தபாலைப் பாக்கணும்."

செம்பூரிலிருந்து தாராவிக்கு ஆட்டோ பிடித்தார்கள். சயான் சிக்னலில் நின்றபோது ஜம்பு ஆரம்பத்திலிருந்து எல்லாவற்றையும் சொன்னார், ஃபார்மேட் செய்தது உட்பட. அதை வாழ்க்கையில் முதல்முறையாக வாய்விட்டுச் சொல்கிறார். அகிலாண்டம் முழுவதையும் கேட்டுவிட்டு, வேறு பெண்பிள்ளை என்றாலாவது நாலு பேரிடம் சொல்லி அழலாம், இதை யாரிடம் போய்ச் சொல்வது என்றாள்.

தொண்ணூறு அடிச் சாலையை ஒட்டிய கட்டடத்தில் மூன்றாவது மாடி. கதவைத் திறந்தது சேசுராஜ். தலை முழுக்க வெளுத்திருந்தது. சர்ச்சில் பூசை முடித்து வந்த வெள்ளைச் சட்டை. வாசலில் நிற்பவரைப் பார்த்தான். கூட நிற்கும் பட்டுப் புடவையைப் பார்த்தான். உள்ளே திரும்பித் தன் மனைவியைப் பார்த்தான்.

"அந்தப் பதினாலு போனும் நீதானா?"

ஜம்பு தலையாட்டினார். லேப்டாப்பைத் திறந்து, அவன் முகத்துக்கு நேரே திருப்பிப் பிடித்தார்.

சேசுராஜ் மூக்குக்கண்ணாடியை மேலே ஏற்றிவிட்டுப் படித்தான். படியில் யாரோ ஏறிப் போனார்கள். கீழே ஒரு டெம்போ பின்னால் வந்து, நின்று, மறுபடி முன்னால் போனது. பிறகு கையேடு இருந்த பெட்டிப் பக்கம் திரும்பாமலே, ஒற்றை விரலால் ஒரு சொல்லைத் தட்டினான்.

ஊதா நிறக் கதவு வந்தது. கோணல் மணி வந்தது.

நால்வரும் கட்டப்பட்ட பெட்டிகளுக்கு நடுவே உட்கார்ந்தார்கள். நாற்காலிகளை ஏற்கெனவே யாருக்கோ கொடுத்துவிட்டிருந்ததால் இரண்டு பேருக்குப் பெட்டிதான் ஆசனம். அகிலாண்டம் ஏஞ்சலம்மாளை அடையாளம் கண்டுகொண்டு, மாமியாரைப் பார்த்துக்கொண்ட நர்ஸம்மாவா என்று வெட்கப்பட்டாள். அவர் அதைப் பெரிதுபடுத்தாமல் டீ போட எழுந்து போனார்.

"சேசு, அன்னிக்கு அது நான்தான்டா" என்றார் ஜம்பு. "சனிக்கிழமை ஃபார்மேட் பண்ணினேன். எந்த ஃபிளாப்பின்னு பாக்கலை. நீ கேட்டப்போ சொல்லியிருக்கணும். பயந்துட்டேன். இத்தனை வருஷமா பயந்துண்டே இருந்துட்டேன். இதோ, விட்ட இடத்துலயே கொண்டு வந்து வச்சிருக்கேன்."

சேசுராஜ் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் கை லேப்டாப் பக்கம் போய், பாதியில் நின்று, மடிக்குத் திரும்பியது. நெற்றியில் வியர்த்திருந்தது. பிறகு ஜம்புவின் தோளில் கை வைத்தான்.

"சரி விடுல. கர்த்தர் மன்னிக்கச் சொல்லியிருக்காரு. நானும் அந்த ஒருத்தனை மன்னிச்சிட்டேன். இனிமே இதைப் பத்திப் பேசப்படாது. யாரும்."

கடைசி வார்த்தையை அவன் சமையல்கட்டுப் பக்கம் பார்த்துச் சற்று உரக்கச் சொன்னான். ஜம்புவின் கண் நிறைந்துவிட்டது. அகிலாண்டம்கூட முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

ஏஞ்சலம்மாள் டீ டம்ளர்களோடு வந்து, பெட்டிமேல் ஒவ்வொன்றாக வைத்துக்கொண்டே, ஊருக்கெல்லாம் தெரிந்த சமாச்சாரத்தைச் சொல்வதுபோலச் சொன்னார்.

"நீங்க எங்க அழிச்சீங்க, அண்ணாச்சி? அதுக்கு முந்தின நாள் வெள்ளிக்கிழமை நீங்க வண்டிக்குப் போனப்புறம் இவுக தனியா உக்காந்து அந்தக் கதவைத் தெறந்துட்டாவ. ஆட்டம் முடிஞ்சுபோச்சுன்னு தெரிஞ்சா ஜம்பு இனி ஆறு பத்து வண்டிக்கே போயிருவானேன்னு, இவுகதான அதை அழிச்சாவ."